மலேசியா பேட்டும் என் முழங்கையும்: டபுள்ஸுக்கு எதை எடுப்பது?

வளவுவாசி | திங்கள், இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கம். ஊர் காரைக்குடி, கழனிவாசல் பக்கம். வயது 41. சின்ன வயதில் எங்கள் வீட்டு வளவில்தான் ஷட்டில் ஆடிப் பழகினேன். நாலு பக்கமும் தூண், நடுவில் வானம். காக் (இறகுப் பந்து) ஓட்டின் மேல் ஏறிக்கொண்டால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். அப்புறம் இருபது வருடம் பேட்டைத் தொடவில்லை. போன வருடம் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் மறுபடி இறங்கினேன். வாரம் ஐந்து நாள், மாலை ஆறு மணி, தகரக் கூரை போட்ட உள்ளரங்கம், டபுள்ஸ் மட்டும்.

இப்போது விஷயம். வீட்டுக் கல்யாணத்துக்கு மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த அம்மான் எனக்கு ஒரு பேட் கொடுத்தார். யோனெக்ஸ் வோல்ட்ரிக் இசட் ஃபோர்ஸ் 2. எடை 3யூ, பிடி ஜி5. "மலேசியச் சாம்பியன் லீ சோங் வெய் பிடித்த பேட்டுடா" என்று சொல்லிக் கொடுத்தார். கட்டிங்கும் (பேட்டுக்கு நரம்பு கட்டுவது) அங்கேயே 27 பவுண்டு இறுக்கத்தில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பட்டால் சத்தம் பட்டாசு மாதிரி இருக்கிறது. ஆனால் பின்னாலிருந்து டாஸ் (பின்கோட்டுக்குப் போகிற மாதிரி உயரத் தூக்கி அடிப்பது) அடித்தால் காக் எதிர்க் கோர்ட்டின் பாதியில் விழுகிறது. மூன்று வாரமாக முழங்கையின் வெளிப்பக்கம் வலி வேறு. காலையில் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலும் சுருக்கென்கிறது.

வேறு பேட் வாங்கலாமா? வாங்கினால் எது? கையில் நாலாயிரம் இருக்கிறது. அம்மான் அடுத்த மாதம் மறுபடி வருகிறார், அந்தக் கவலை தனி.

இடிஸ்மாஷ் | திங்கள், இரவு 10:15

விற்றுவிடாதீர்கள் அண்ணே! அந்த பேட்டுக்கு ஊரெல்லாம் ஏங்குகிறான். ஹெட் ஹெவி (தலை கனமான) பேட்டை வைத்துக்கொண்டு டாஸ் அடித்தால் எப்படி? மேலிருந்து கீழே ஓங்கி ஸ்மாஷ் அடியுங்கள். ஆறு மாதம் போனால் கை பழகிவிடும். வலி எல்லாருக்கும் வரும்.

முன்நெட் | திங்கள், இரவு 10:31

டபுள்ஸுக்கு ஹெட் லைட்தான், தலை லேசான பேட். முகத்துக்கு நேரே வரும் பந்தைத் தடுக்க பேட் தலை சட்டென்று திரும்ப வேண்டும். தலை கனமாக இருந்தால் நீங்கள் திருப்புவதற்குள் காக் உங்கள் சட்டைப் பையில் இருக்கும். 4யூ, ஹெட் லைட் ஒன்று எடுங்கள். யோனெக்ஸில் நானோஃப்ளேர் வரிசை பெரும்பாலும் அந்த ரகம்.

கட்டிங்கடை | செவ்வாய், காலை 7:05

தேவகோட்டையில் பதினாலு வருடமாகக் கட்டிங் போடுகிறேன். பேட் விற்பதில்லை, அதனால் யார் எதை வாங்கினாலும் எனக்கு ஒன்றுதான்.

முதலில் கை. செம்பு தூக்கினால் வலிக்கிறது என்றால் அது பழகுகிற வலி இல்லை. டாக்டரைப் பாருங்கள், அவர் சொல்லும் வரை ஆடாதீர்கள். இடிஸ்மாஷ் தம்பி, "வலி எல்லாருக்கும் வரும்" என்று எழுதாதீர்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே தோள் போனவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

இனி பேட். உங்கள் பேட்டில் நாலு விஷயம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 3யூ என்றால் கட்டிங்கும் மேல் கிரிப்பும் இல்லாமல் 85 முதல் 89 கிராம். 4யூ 80 முதல் 84, 5யூ 75 முதல் 79. எண் கூடினால் எடை குறையும். இரண்டாவது, எடை தலைப்பக்கம். மூன்றாவது, ஷாஃப்ட் (பிடிக்கும் தலைக்கும் நடுவிலுள்ள தண்டு) எக்ஸ்ட்ரா ஸ்டிஃப், அதாவது மிக விறைப்பு. நாலாவது 27 பவுண்டு. இதில் ஏதாவது ஒன்று மட்டும் என்றால் உங்கள் கை சமாளித்திருக்கும். நாலும் சேர்ந்து வந்ததால்தான் முழங்கையில் உட்கார்ந்துவிட்டது.

டாஸ் ஏன் போகவில்லை என்று பார்ப்போம். பேட்டை வீசும்போது தலை கொஞ்சம் பின்தங்கும், ஷாஃப்ட் வளையும். ஷட்டிலைத் தொடுகிற நேரத்தில் அது நிமிரும். அந்த நிமிர்வு ஓசியில் கிடைக்கிற வேகம். வீச்சு மின்னல் மாதிரி இருப்பவன் கையில் விறைப்பான ஷாஃப்டும் வளையும், வளைந்த வேகத்தில் நிமிரவும் செய்யும். நம்மைப் போல நாற்பது தாண்டியவர்கள் வீச்சுக்கு அது அசைந்தே கொடுக்காது. பிரம்பால் அடிக்க வேண்டிய இடத்தில் கடப்பாரையால் அடிக்கிறீர்கள். ஓசியில் வர வேண்டியதை முழங்கையிலிருந்து பிடுங்குகிறீர்கள்.

பவுண்டு கதையும் அதேதான். ஏற ஏற நரம்பு பலகை மாதிரி ஆகும். நட்டநடுவில் பட்டால் வைத்த இடத்தில் போகும். அரை அங்குலம் தள்ளிப் பட்டால் காக் போகாது, அதிர்வு மட்டும் கைக்கு வரும். 22, 23 போட்டால் நரம்பே கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும். பட்டாசுச் சத்தம் போய்விடும், அது உண்மை. சத்தத்துக்காகவே 26 கேட்கிறவர்கள் என் கடையில் பாதிப் பேர்.

அதனால் பேட் வாங்குவதற்கு முன்னால் இருக்கிற பேட்டின் கட்டிங்கை வெட்டிவிட்டு, பிஜி65 நரம்பு போட்டு 22 வையுங்கள். 0.70 மில்லிமீட்டர் தடிமன், சீக்கிரம் அறாது. செலவு சில நூறு ரூபாய்.

மஞ்சப்பந்து | செவ்வாய், காலை 8:40

நான் பூப்பந்து ஆடி வளர்ந்தவன். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், மண் தரை. கோயில் திருவிழாவுக்குத் திருவிழா டோர்னமெண்ட் போடுவார்கள். அந்த பேட் 165, 170 கிராம் இருக்கும். நீங்கள் எல்லாரும் 88 கிராமைக் கனம் என்று பேசுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ஆனால் தம்பி, ஒன்று கேட்கிறேன். நீங்கள் எப்படிப் பிடிக்கிறீர்கள்? பூப்பந்தில் கையை இறுக்கி, தோளிலிருந்து வீசுவோம். ஷட்டிலுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகாமல் இரண்டு வருடம் எனக்கும் இதே இடத்தில் வலி. ஷட்டில் பேட்டைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்க வேண்டும். அடிக்கிற அந்தக் கணத்தில் மட்டும் விரல் இறுகும். அப்புறம் உடனே தளர்த்திவிட வேண்டும். உங்கள் உள்ளங்கை பெரியதா? ஜி5 மெலிசான பிடி. மெலிசான பிடியைப் பெரிய கை தன்னாலேயே நசுக்கும்.

எடை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். பேரன் 5யூ ஒன்று கொடுத்தான். கையில் எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. காக் வந்து சேருவதற்கு முன்னால் நான் வீசி முடித்துவிடுகிறேன். இப்போது என்னிடம் இருப்பது 3யூதான், ஆனால் ஷாஃப்ட் நன்றாக வளையும். வயது 67.

இடிஸ்மாஷ் | செவ்வாய், பகல் 1:20

எல்லாரும் என் மேல் பாய்கிறீர்கள். நம் இந்திய வீரர் சாத்விக் டபுள்ஸ்தானே ஆடுகிறார்? மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்துக் கின்னஸ் வாங்கியிருக்கிறார். தலையில் எடை இல்லாமல் அந்த அடி வருமா?

முன்நெட் | செவ்வாய், பகல் 1:34

அண்ணே, அந்த 565-ஐ அடித்த பேட் எது தெரியுமா? நானோஃப்ளேர் 1000 இசட். ஹெட் லைட்! 2023 ஏப்ரலில் ஜப்பானில் யோனெக்ஸ் தொழிற்சாலையில் வைத்து அளந்தார்கள்.

இடிஸ்மாஷ் | செவ்வாய், பகல் 1:41

சரி, அது எனக்குத் தெரியாது. ஆனால் டென்மார்க் ஆக்செல்சன் பிடித்தது யோனெக்ஸ் ஆஸ்ட்ராக்ஸ் 100 இசட்இசட், சுத்தமான ஹெட் ஹெவி. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கட்டிங்கடை | செவ்வாய், மாலை 4:10

இரண்டு பேரும் சொல்வது சரி. ஒருவர் தலை லேசான பேட்டால் உலக சாதனை அடித்தார், இன்னொருவர் தலை கனமான பேட்டால் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அப்படியென்றால் அடி தலையின் எடையில் மட்டும் இல்லை. இரண்டு பேட்டுக்கும் ஷாஃப்ட் எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் என்பதைக் கவனியுங்கள். அதை வளைக்கிற வீச்சு அவர்களிடம் இருக்கிறது. ஆக்செல்சன் ஆறடி நாலங்குலம். வளவுவாசி, நீங்கள் எத்தனை அடி?

வளவுவாசி | செவ்வாய், மாலை 4:25

ஐந்தடி ஐந்து. ஒலிம்பிக்குக்கும் போகிற உத்தேசம் இல்லை.

ஆத்தங்குடிக்கல் | செவ்வாய், இரவு 8:50

பேட்டில் எல்லாம் இருந்தால் லீ சோங் வெய் 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளியோடு நின்றிருப்பாரா?

வங்கியில் வேலை பார்ப்பதால் எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற புத்தி. நானும் என் வீட்டுக்காரரும் கலப்பு டபுள்ஸ் ஆடுகிறோம். தனக்கு ஸ்மாஷ் ஆட்டம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் வெளியே உட்கார்ந்து அவர் அடிப்பதை எல்லாம் கோடு போட்டு எண்ணினேன். அந்தத் தாளைப் பார்த்த பிறகு ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் அவரே போய் வேறு பேட் வாங்கினார்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். நீங்கள் எப்படி ஆடுவதாக நினைக்கிறீர்கள் என்பதை விடுங்கள். ஒரு கேம் முழுக்க யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். டாஸ் எத்தனை, டிராப் (நெட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக விழ வைப்பது) எத்தனை, டிரைவ் (நெட்டை ஒட்டி நேராக அடிப்பது) எத்தனை, எல்லாம். பேட் தன்னால் தெரியும்.

அப்படியே ஒரு கேள்வி. என் மகளுக்குப் பத்து வயது. அவளுக்கு என்ன வாங்கலாம்?

கட்டிங்கடை | செவ்வாய், இரவு 9:30

ஆச்சி, பத்து வயதுக்கு முழு நீள பேட்டே போதும். 5யூ, ஜி5, நன்றாக வளைகிற ஷாஃப்ட், 20 பவுண்டு. பிடி அப்போதும் தடிமனாகத் தெரிந்தால் கம்பெனி கிரிப்பை உரித்துவிட்டு மெல்லிசாக ஒன்று சுற்றுங்கள். விலை அதிகமானதை வேண்டாம், எப்படியும் தரையில் இழுப்பாள்.

வளவுவாசி | புதன், காலை 6:58

டாக்டரைப் பார்த்தேன். பேரைச் சொன்னார், டென்னிஸ் எல்போ. டென்னிஸ் பக்கமே போகாதவனுக்கு. இரண்டு வாரம் பேட்டைத் தொடக்கூடாது.

நல்லவேளை, போன மாதம் தூண் ஓரமாகப் போனை நிறுத்தி ஒரு கேமை வீடியோ எடுத்து வைத்திருந்தேன். அதை ஓட்டி நானே எண்ணுகிறேன்.

வளவுவாசி | புதன், இரவு 10:44

எண்ணிவிட்டேன். 21-17 என்று தோற்ற கேம். மொத்தம் நான் அடித்தது 71.

சர்வீஸ் 9. சர்வீஸை எடுத்தது 10. டாஸ் 11. டிராப் 6. டிரைவும் பிளாக்கும் (எதிராளி அடியைத் தடுப்பது) சேர்த்து 17. லிஃப்ட் (கீழிருந்து மேலே தூக்கியது) 8. நெட்டில் வைத்தது 5. ஸ்மாஷ் 5.

ஐந்தே ஐந்து ஸ்மாஷ்! அதில் ஒன்று நெட்டில் போய் மாட்டியது, ஒன்று வெளியே போனது, இரண்டு பேசாமல் திரும்பி வந்தன. ஒன்றுதான் பாயிண்டு, அதுவும் எதிராளி கால் வழுக்கியதால். நான் என்னைப் பெரிய ஸ்மாஷ் ஆட்டக்காரன் என்று நினைத்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த 17 டிரைவிலும் பிளாக்கிலும் எட்டு தடவை பேட் தாமதமாக வந்திருக்கிறது. வீடியோவை மெதுவாக ஓட்டினால் தெரிகிறது. காக் என் இடுப்புக்கு வந்துவிட்டது, பேட்டின் தலை இன்னும் முழங்கால் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இடிஸ்மாஷ் | புதன், இரவு 11:02

அண்ணே, நானும் எண்ணிப் பார்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

ஆத்தங்குடிக்கல் | புதன், இரவு 11:06

எண்ணுங்கள் தம்பி.

கட்டிங்கடை | வியாழன், காலை 7:20

71-ல் பாதிக்கு மேல் கை வேகம் கேட்கிற அடி. டாஸ் 11, அதற்கு வளைகிற ஷாஃப்ட் வேண்டும். இடம் தெளிவாகிவிட்டது: 4யூ, சமநிலை அல்லது கொஞ்சம் தலை லேசு, ஷாஃப்ட் மீடியம், ஜி4. யோனெக்ஸில் ஜி4 தடிமன், ஜி5 மெலிசு. கடையில் பெரும்பாலும் ஜி5தான் தொங்கும், ஜி4 கிடைக்காவிட்டால் மேலே ஒரு ஓவர்கிரிப் சுற்றிக்கொள்ளலாம்.

அந்த ஓவர்கிரிப்பைச் சும்மா நினைக்காதீர்கள். பேட்டை ஒரு விரலின் மேல் தராசு மாதிரி நிறுத்துங்கள். நிற்கிற புள்ளியைப் பிடியின் அடிமுனையிலிருந்து ஸ்கேல் வைத்து அளங்கள். ஏறக்குறைய 285 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் தலை லேசு, 295-க்கு மேலே என்றால் தலை கனம், நடுவில் சமம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். இப்போது 5 கிராம் ஓவர்கிரிப் ஒன்றைப் பிடியில் சுற்றிவிட்டு மறுபடி நிறுத்துங்கள். புள்ளி ஒரு சென்டிமீட்டர் பக்கம் கைக்கு நெருங்கியிருக்கும். ஐம்பது, அறுபது ரூபாய்க்கு ஹெட் ஹெவி பேட் சமநிலைக்கு வந்துவிடும். இடிஸ்மாஷ் தம்பி மாதிரி ஆட்கள் எதிர்த்திசையில் போகலாம். தலை உச்சியில் 2 கிராம் ஈயப் பட்டை ஒட்டினால் முக்கால் சென்டிமீட்டர் மேலே போகும்.

கடைசியாக ஒன்று. இந்த வெயிலில் தகரக் கூரைக்குள் காற்று சூடாக இருக்கும், காக் இயல்பாகவே நீளமாகப் பறக்கும். அதனால்தான் நம் பக்கம் ஃபெதர் (இறகால் செய்த காக்) என்றால் வேகம் குறைந்த 76 நம்பரும், நைலான் என்றால் பச்சைப் பட்டை போட்ட மெதுவான காக்கும் நல்லது. அந்தச் சூட்டிலும் உங்கள் டாஸ் பாதியில் விழுந்தது என்றால் பேட் உங்களுக்கு எவ்வளவு ஒத்துவரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டைப் பூட்டிய காருக்குள்ளும் விடாதீர்கள், நரம்பு தளர்ந்துவிடும்.

முன்நெட் | வியாழன், காலை 9:12

ஆஸ்ட்ராக்ஸ் 88 என்று ஒரே எண்ணில் இரண்டு பேட் உண்டு. எஸ் என்றால் முன்னால் நிற்பவனுக்கு, டி என்றால் பின்னால் நிற்பவனுக்கு. டபுள்ஸில் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து கம்பெனிக்காரனே பேட் செய்கிறான். விலையைக் கேட்காதீர்கள், வளவுவாசி அண்ணனின் நாலாயிரத்தில் அடங்காது.

வளவுவாசி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு பகல் 12:15

பதினாறு நாள் ஓய்வு. இப்போது செம்பு தூக்கினால் வலி இல்லை. பிறகு ஒரு வாரம் வாங்காமல் இரவல் பேட்டிலேயே ஆடினேன்.

முதலில் அம்மான் பேட். விரலில் நிறுத்தி அளந்தேன், ஓவர்கிரிப் இல்லாமல் 305 வந்தது, ஒன்று சுற்றியதும் 296. கட்டிங் 22. இரண்டு கேம் ஆடினேன். முன்பைவிட ஆயிரம் மடங்கு தேவலை, ஆனால் இரண்டாவது கேம் முடிவில் தோள் கனத்தது.

அடுத்து நண்பரின் 5யூ ஹெட் லைட். பிளாக் எல்லாம் அற்புதம். ஆனால் மஞ்சப்பந்து ஐயா சொன்னது அப்படியே நடந்தது. டாஸ் அடிக்கப் போனால் தலை எங்கே இருக்கிறது என்று கை தேடுகிறது. இரண்டு தடவை காற்றில் வீசினேன். பக்கத்துக் கோர்ட்டில் சிரித்தார்கள்.

கடைசியாக, எங்கள் குழுவில் ஒருவருடைய 4யூ, சமநிலை, மீடியம் ஷாஃப்ட். 23 பவுண்டு. முதல் டாஸே பின்கோட்டுக்கு ஒரு அடி முன்னால் போய் விழுந்தது. நான் ஒன்றும் விசேஷமாகச் செய்யவில்லை, சும்மா வீசினேன். அன்றைக்கு மூன்று கேம் ஆடினேன், வீட்டுக்குப் போய் இடியாப்ப உரலையும் பிழிந்தேன்.

அதே அளவில் ஒன்றை மூவாயிரத்துச் சொச்சத்துக்கு மதுரையில் வாங்கினேன். ஒரு கடையில் பாதி விலைக்கு விலையுயர்ந்த பேட் ஒன்றை நீட்டினார்கள். எழுத்தின் அச்சு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, சீரியல் எண்ணை நகத்தால் சுரண்டினால் வந்தது. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

இடிஸ்மாஷ் | ஞாயிறு, பகல் 1:03

நானும் எண்ணினேன். 64-ல் 19 ஸ்மாஷ். ஹெட் ஹெவியை விட மாட்டேன். ஆனால் கட்டிங்கை 27-லிருந்து 25-க்கு இறக்கியிருக்கிறேன், அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

வளவுவாசி | அடுத்த சனி, இரவு 9:37

அம்மான் வந்துவிட்டார். வந்த அன்றைக்கே "வாடா, ஆடலாம்" என்றார். மரியாதைக்கு அவர் கொடுத்த பேட்டையே எடுத்துக்கொண்டு போனேன். அவர் தன் பையைத் திறந்து ஒரு பேட்டை எடுத்தார். அட்டகாசமாக வளைகிறது, 4யூ, யோனெக்ஸின் பழைய நானோரே. "எத்தனை பவுண்டு அம்மான்?" என்றேன். "21" என்றார்.

"அப்போ எனக்கு மட்டும் ஏன் 27?"

"நீ சின்னப் பையன்தானேடா" என்றார். அவருக்கு வயது 66. முதல் கேமில் 21-12 என்று என்னைத் தோற்கடித்தார். இரண்டாவது கேமுக்கு நான் போய் என் புது பேட்டை எடுத்துவந்தேன். அவர் அதை வாங்கி, ஷாஃப்டை வளைத்துப் பார்த்தார். "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் காசு மிச்சம்" என்றார்.

கட்டிங்கடை | சனி, இரவு 9:50

அம்மான் பேட்டில் என்ன நரம்பு? ஊருக்குத் திரும்புவதற்குள் பார்த்துச் சொல்லுங்கள்.